கழுத்தா, வாயா? கிளினிக்கில் நம் பெண்களுக்கு வராத சொற்கள்

வெள்ளவத்தை வாசகி, 4 பெப்ரவரி 2025

என் மாமிக்கு 61 வயது. கிளினிக்கில் சிங்களத்தில் என்னவோ சொல்லி, ஆங்கிலத்தில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். போன வருடம்தான் பாப் டெஸ்ட் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு எதற்கு ஸ்கேன்? கருப்பை, சூலகம், கருப்பைக் கழுத்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரு டெஸ்ட் போதாதா? தமிழில் நல்ல கையேடு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

என் பதில், 4 பெப்ரவரி, இரவு

போதாது. எங்கள் வீட்டில் நான்கு மாதம் வீணானது இந்த நம்பிக்கையால்தான். பாப் டெஸ்டில் கருப்பைக் கழுத்திலிருந்து மெதுவாகச் சுரண்டி எடுத்த செல்களைப் பார்க்கிறார்கள். அங்கே புற்றுநோய் வருவதற்கு வருடக்கணக்கில் முன்பே தொடங்கும் மாற்றத்தைப் பிடிக்கத்தான் அந்த டெஸ்ட். கருப்பையின் உட்சுவரில் வருவதையோ சூலகத்தில் (முட்டை உருவாகும் இடத்தில்) வருவதையோ அது காட்டாது.

என் சின்னம்மாவுக்கு மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. 2023இல் ஒரு நாள் உள்பாவாடையில் பழுப்பாக ஒரு கறை, ஐம்பது சதக் காசு அளவு. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். அடுத்த மாதமும் பட்டது. "பாப் டெஸ்ட் நல்லாத்தானே வந்தது" என்று நானே அவருக்குச் சொன்னேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்.

உங்கள் மாமிக்கு மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு சொட்டு என்றாலும், ஒரே ஒரு தடவை என்றாலும் கணக்குத்தான். பயப்பட வேண்டாம், அப்படி இரத்தம் படும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் அந்த ஒருவர் யார் என்று ஸ்கேனும், தேவைப்பட்டால் உள்ளிருந்து எடுக்கும் சிறு சதைத் துண்டும்தான் சொல்லும். ஸ்கேனை எடுத்துவிடுங்கள்.

5 பெப்ரவரி

நேற்று மூன்றைத்தான் எழுதினேன். பெண்ணுறுப்புப் புற்றுநோய் முக்கியமாக ஐந்து இடங்களில் வரும்: கருப்பைக் கழுத்து, கருப்பை, சூலகம், யோனி, யோனியின் வெளிப்புறம். கடைசியாகச் சொன்னதற்கு நம் வீடுகளில் பெயரே இல்லை. 'கீழே', 'அந்த இடம்' என்போம். மாதக்கணக்கில் அரிப்பு, ஆறாத புண், தடிப்பு என்று இருந்தாலும் கிறீம் வாங்கிப் பூசிக்கொண்டு இருந்துவிடுகிறோம். பெயர் இல்லாத இடத்தில் வந்த நோவை டாக்டரிடம் எப்படித் தொடங்கிச் சொல்வது?

9 பெப்ரவரி

கையேடு இருந்தால் குழப்பம் வராது என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமர் வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் பதினாறு வருடமாகத் தமிழ் டைப்செட்டிங் செய்கிறேன். கல்யாண அட்டை, கோவில் திருவிழா நோட்டீஸ், மருந்துக் காகிதம் எல்லாம் என் கையால்தான் போகும். சில வருடத்துக்கு முன் ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. சிங்களப் பிரதியில் 'கெப்கெல' என்று இருந்தது, கெல என்றால் கழுத்து. தமிழில் 'கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்'. இலங்கையில் அதுதான் வழக்கம், பிழை இல்லை. ஒற்று மிகுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிட்டேன்.

தலைப்பு இடம் போதாமல் இரண்டு வரியாக உடைந்திருந்தது. மேல் வரியில் சிறிதாகக் 'கருப்பை', கீழ் வரியில் பெரிய எழுத்தில் 'கழுத்துப் புற்றுநோய்'. நாலைந்து பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். தொண்டையைத் தடவினார். "எனக்கு விழுங்கிறதில ஒரு கரைச்சலும் இல்லையே" என்று மேசையில் வைத்துவிட்டார். பிறகு அதன்மேல் தேங்காய்ச் சம்பல் கிண்ணம் இருந்தது.

தமிழில்தான் இருந்தது. ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. என் சின்னம்மாவுக்கு அது போய்ச் சேரவில்லை.

11 பெப்ரவரி

திருத்தம். பாப் டெஸ்ட் கருப்பைப் புற்றுநோயைக் 'காட்டாது' என்று எழுதியது கொஞ்சம் கடுமை. எப்போதாவது அங்கிருந்து வழிந்த செல்கள் தற்செயலாக அகப்படுவது உண்டு. அதை நம்பி இருக்க முடியாது என்பதுதான் சரி.

16 பெப்ரவரி

கழுத்து என்ற சொல்லே வேண்டாம், தமிழ்நாட்டில் போல 'கருப்பை வாய்' என்று போடலாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதையே நினைத்து, அச்சகத்துக்கு வந்த ஓர் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "வாயிலயா? வெத்திலை போடுறவைக்கு வாற கேன்சரோ?" என்று கேட்டார். கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. நம் ஊரில் வாய்ப்புற்றுநோய் பற்றித்தான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறோம்.

அன்று இரவு இதைச் சின்னம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சாமித்தட்டில் இருந்த சின்னப் பித்தளைச் செம்பை எடுத்தார், தண்ணீரை மணி பிளான்டுக்கு ஊற்றினார், செம்பைக் கவிழ்த்துப் பிடித்தார். "இஞ்ச பார். இந்த உருண்டைதான் பிள்ளை இருக்கிற இடம். இந்த ஒடுங்கினதுதான் கழுத்து. இது வாய். இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் சொல்லியிருக்கினம்." விரலை உள்ளே விட்டு உருண்டையின் உட்பக்கத்தைத் தடவிக் காட்டினார். "எனக்கு வந்தது இஞ்ச. பாப் டெஸ்ட்காரர் வாயில சுரண்டிப்போட்டுப் போயிட்டினம்."

பதினாறு வருடம் அந்தச் சொற்களை அடித்தவள் நான். எனக்குத் தோன்றவில்லை. சூலகத்துக்கு இரண்டு பாக்கை எடுத்துச் செம்பின் இரண்டு பக்கமும் வைத்தார்.

2 மார்ச்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன்.

சின்னம்மாவை மறுபார்வைக்குக் கூட்டிப்போன ஒரு நாள். எந்த இடம் என்பது வேண்டாம், எங்கேயும் நடக்கக்கூடியது. எங்களுக்கு முன்வாங்கில் ஓர் அம்மா, நாற்பதைத் தாண்டியிருக்காது. பக்கத்தில் மகன், பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டோடு, மீசை அரும்பத் தொடங்கிய வயது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். மகன் சிங்களத்தில் நன்றாகக் கதைத்தான். விவரம் எழுதிய மிஸ்ஸி (தாதி), வயது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே வந்து, கணவனோடு சேர்ந்த பிறகு இரத்தம் போகிறதா என்று கேட்டார். குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வரிசையில் அடுத்த கேள்வி அது. பையனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. அம்மாவின் பக்கம் திரும்பி, "வேற வருத்தம் இருக்கா எண்டு கேக்கினம்" என்றான். அம்மா இல்லை என்று தலையாட்டினார். மிஸ்ஸி 'இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு அது முக்கியமான அறிகுறி. நான் பின்வாங்கில் இருந்தேன். இரண்டு மொழியும் எனக்குத் தெரியும். எழுந்து போய்ச் சொல்லவில்லை. 'நமக்கு எதற்கு' என்று இருந்துவிட்டேன். அந்த அம்மாவின் பச்சைப் பூச்சேலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

1987இலேயே 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. பெயர்ப்பலகை மூன்று மொழியில் இருக்கிறது. அந்த வாங்கில் ஒரு பிள்ளையைத்தான் மொழிபெயர்ப்பாளராக வைத்திருந்தோம்.

3 மார்ச்

"அந்தப் பையன் பாவம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம். அவனை நான் குறைசொல்லவே இல்லை. எந்தப் பிள்ளையால் தாயிடம் அதைக் கேட்க முடியும்?

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தக் கிளினிக்குகளுக்கு மகனை, மகளை, மருமகனை மொழிக்காகக் கூட்டிப்போகாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா, கூட வேலை செய்பவர், சிங்களம் தெரிந்த எந்தப் பெண்ணானாலும் பரவாயில்லை. முதல் நாள் இரவே கேள்விகளை அவரிடம் தமிழில் சொல்லி வையுங்கள்: இரத்தம் எப்போது பட்டது, எத்தனை தடவை, உறவுக்குப் பிறகா, நாற்றத்தோடு வெள்ளைபடுகிறதா, அடிவயிறு நோகிறதா. ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. வாயால் சொல்லக் கூச்சமானதைக் காகிதம் சொல்லிவிடும்.

14 மார்ச்

காகிதம் என்றதும் மாளிகாவத்தை ராத்தா ஒருவர் என்னைத் தேடி அச்சகத்துக்கே வந்தார். நோன்பு மாதம், களைத்துப்போய் இருந்தார். மாதவிடாய் நின்று மூன்று வருடத்துக்குப் பிறகு 'திரும்பவும் வந்துவிட்டது' என்று நினைத்து, அந்த நாட்களில் தொழுகையையும் நோன்பையும் விட்டிருக்கிறார். விட்ட நோன்பைப் பிறகு கழா செய்ய (ஈடாக நோற்க) வேண்டுமே என்று கலண்டரில் ஒவ்வொரு நாளும் புள்ளி வைத்திருக்கிறார். நான்கு மாதப் புள்ளிகள்! எந்த டாக்டரும் இவ்வளவு துல்லியமான கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்.

தொழுகையைப் பற்றி மௌலவியிடம் கேளுங்கள், இந்தப் புள்ளிகளை டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். நின்றுபோனது திரும்பி வருவதில்லை. ஒரு வருடம் முழுதாக நின்ற பிறகு படுகிற இரத்தத்துக்கு மாதவிடாய் என்று பெயரில்லை.

பெண் டாக்டர்தான் வேண்டும் என்றார். நியாயம்தானே. முன்கூட்டியே போன் செய்து கேட்டோம், பெண் டாக்டர் இருக்கும் நாளைச் சொன்னார்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று பலர் கேட்பதே இல்லை.

20 மார்ச்

சுவநாரி கிளினிக் பற்றிக் கேட்டவர்களுக்கு. சிலர் வெல் வுமன் கிளினிக் என்பார்கள், 1996இல் தொடங்கியது. உங்கள் பகுதி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் அல்லது மிட்வைஃபிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார்கள். காசில்லை. முக்கியமாக 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துச் சோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். நோவு ஒன்றும் இல்லாதபோது போவதற்குத்தான் அந்த இடம். இரத்தம் படுகிறவர்கள் அதற்குக் காத்திராமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

போகும் முன் இரண்டு நாள் உறவு வேண்டாம், உள்ளே கிறீம், மாத்திரை வைக்க வேண்டாம், மாதவிடாய் நாளில் போக வேண்டாம். நோகுமா என்றால், எனக்கு அந்தக் கருவியின் குளிர்தான் நினைவிருக்கிறது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

21 மார்ச்

கறுவாத்தோட்டத்தில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்யும் தங்கச்சி எங்கள் கடைக்கு போட்டோக்கொப்பி எடுக்க வருவாள். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் சொந்த இடம். 36 வயது. "எங்க மிட்வைஃப் அம்மா தோட்டத்துலதானே இருக்காங்க, இங்க எனக்கு யாருக்கா பேரு பதிஞ்சிருப்பாங்க" என்றாள். கிளினிக்கில் போய்க் கேட்டுப் பார்த்தோம். இப்போது தங்கியிருக்கும் வீட்டு விலாசமே போதும் என்று எழுதிக்கொண்டார்கள். அவளுக்குக் கஷ்டம் விலாசத்தில் இல்லை. கிளினிக் வாரநாளில், லீவு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், அந்த ஒரு காலையை மட்டும் விட்டுக்கொடுங்கள். சம்பளத்தை வெட்டாமல்.

22 மார்ச்

மகள்மாருக்கான ஊசி: தரம் 6 பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 2017இலிருந்து போடுகிறார்கள். இரண்டு தடவை, ஆறு மாத இடைவெளியில். எச்பிவி என்ற வைரஸுக்கு எதிரானது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காடு அந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகையால் வருவது. 'பிள்ளை பெறாமல் போகும்' என்று எங்கள் தெருவில் ஒருவர் சொல்லித்திரிந்தார். அப்படி ஒன்றும் இல்லை. என் மகள் போட்டிருக்கிறாள்.

அந்த வைரஸ் இருந்தால் ஒழுக்கக்கேடு என்று நினைக்காதீர்கள். ஒரே கணவனோடு வாழ்ந்தவருக்கும் வரும். பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்டாமல் தங்கிய சிலருக்குத்தான், அதுவும் பத்து, பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்து. ஊசி வந்துவிட்டதே, இனி டெஸ்ட் எதற்கு என்பவர்கள் கணக்குப் பாருங்கள்: 2017இல் 11 வயதாக இருந்த பிள்ளைக்கு 35 வரும்போது 2041. அவளுக்கும் டெஸ்ட் வேண்டும். அவளுடைய அம்மா, பெரியம்மா எல்லாருக்கும் இப்போதே வேண்டும்.

15 ஏப்ரல்

வருடப் பிறப்புக்குச் சின்னம்மா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். கைவிசேடம் கொடுத்த கையோடு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். "சிகிச்சைக்குப் பிறகு நடக்கிறதையும் எழுது, ஒருத்தரும் சொல்லயில்லை" என்றார். அவர் சொல்லி நான் எழுதுகிறேன்.

கருப்பையையும் சூலகங்களையும் எடுத்த பிறகு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் 25 நாள் கதிர்ச் சிகிச்சை. நம் ஆட்கள் 'கரண்ட் பிடிக்கிறது' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுச் சின்னம்மா முதல் நாள் தங்கச் சங்கிலி, தோடு, கொண்டையூசி எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் தந்தார், ஷொக் அடிக்கும் என்று. கட்டிலில் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தாராம். எக்ஸ்ரே எடுப்பது போல, ஒன்றும் தெரியாமலே முடிந்துவிட்டது. 'கரண்ட் இல்லை, ஒளி மாதிரி' என்று ஒருவர் தமிழில் சொல்லியிருந்தால் அந்த இரவு தூங்கியிருப்பார்.

வயிற்றோட்டம், களைப்பு, சிறுநீர் எரிவு, இதெல்லாம் சொன்னார்கள். சொல்லாமல் விட்டது வேறு. கதிருக்குப் பிறகு யோனி ஒடுங்கி வறண்டுபோகும். அது ஒட்டிவிடாமல் இருக்க வழவழப்பான ஒரு குழாயைக் கிழமைக்குச் சில தடவை உள்ளே வைத்து எடுக்க வேண்டும். உறவுக்காக மட்டும் இல்லை, பின்னால் டாக்டர் உள்ளே பார்த்துச் சோதிப்பதற்கும் அது திறந்திருக்க வேண்டும். இதை அவரிடம் சிங்களத்தில் சொல்லியிருக்கக்கூடும். சித்தப்பா பக்கத்தில் நின்றதால் நானும் மொழிபெயர்க்கும்போது இதை விட்டுவிட்டேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. விட்டிருப்பேன். பெறாமகளும் பிள்ளை மாதிரித்தானே. மார்ச் 2இல் அந்தப் பையனைப் பற்றி எழுதிய நானும் அதையே செய்திருக்கிறேன்.

சித்தப்பா ஒரு வருடம் முற்றத்துக் கட்டிலில் படுத்தார். தொட்டால் நோகும் என்று அவருக்குப் பயம், தன்னை வெறுத்துவிட்டார் என்று சின்னம்மாவுக்கு எண்ணம். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் கேட்கவில்லை. கணவனிடமிருந்து இந்த நோய் தொற்றாது, அவருக்கும் தொற்றாது, கதிர் உடம்பில் தங்கியிருக்காது. இதை டாக்டர் சித்தப்பாவிடம் நேரே சொன்ன நாளில் கட்டில் உள்ளே வந்தது.

8 மே

இன்று உலக சூலகப் புற்றுநோய் தினம். செம்பின் பக்கத்தில் வைத்த பாக்குகளை மறந்துபோகக் கூடாது.

சூலகத்துக்குப் பாப் டெஸ்ட் போல ஒரு சோதனை இல்லை. சிஏ 125 என்ற இரத்தப் பரிசோதனையை நோவு ஒன்றும் இல்லாதவர்கள் தாங்களாகப் போய் எடுத்துக் கலங்க வேண்டாம். மாதவிடாயிலும் புற்றுநோய் அல்லாத கட்டியிலும்கூட அது ஏறும். கவனிக்க வேண்டியது உடம்பைத்தான்: வயிறு ஊதிக்கொண்டே இருப்பது, நாலு வாய் சாப்பிட்டதும் நிரம்பிவிடுவது, அடிவயிற்று நோவு, அடிக்கடி சிறுநீர். கேஸ் என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடிப்போம். இரண்டு மூன்று கிழமையாக அநேகமாக ஒவ்வொரு நாளும், முன்பு இல்லாத ஒன்று புதிதாக இருக்கிறதென்றால் டாக்டரிடம் 'கேஸ்' என்று சொல்லாதீர்கள். 'பாவாடை நாடா எட்டவில்லை' என்று சொல்லுங்கள். குடும்பத்தில் மார்பிலோ சூலகத்திலோ புற்றுநோய் வந்தவர்கள் இருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

25 மே

மாளிகாவத்தை ராத்தாவுக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது. உள்ளே சின்னதாகச் சதை வளர்ந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை. வட்டிலப்பம் அனுப்பியிருந்தார். அச்சகத்தில் ஏழு பேரும் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம்.

புதுத் துண்டுப்பிரசுரம் ஒன்று செய்திருக்கிறேன், முதலாளி கடதாசிக்குக் காசு எடுக்கவில்லை. முன்பக்கத்தில் கவிழ்த்த செம்பு, இரண்டு பாக்கு, அம்புக்குறிகள். கழுத்து, வாய் என்று இரண்டு பெயரும் போட்டேன். பின்பக்கத்தில் கேள்விகள் தமிழிலும் அதே வரிக்கு நேரே சிங்களத்திலும். படித்தறியாதவர்கள் வரியின்மேல் விரலை வைத்தால் போதும். அச்சுக்குப் போகும் முன் ஒரு டாக்டரிடம் காட்டினேன், இரண்டு இடத்தில் திருத்தினார்.

16 ஜூன்

வெள்ளவத்தை வாசகியின் மாமிக்குக் கருப்பை உட்சுவரில்தான். ஆரம்ப நிலை. ஒப்பரேஷன் முடிந்துவிட்டது, நாளை மகரகமவில் கதிருக்கு அளவு எடுக்கும் நாள். இதை எழுதலாம் என்று அவர்களே சொன்னார்கள்.

போன புதன்கிழமை சின்னம்மாவின் கிளினிக்கில் இன்னொரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். மிஸ்ஸி கேட்கத் தொடங்கியதும் நான் எழுந்து போய், "மிஸ்ஸி, நான் கேட்டுச் சொல்கிறேனே" என்றேன். பிள்ளையைச் சின்னம்மா டீ குடிக்கக் கூட்டிப்போனார். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காதுக்குள், "ஓம், ரெண்டு மாசமா" என்றார். மிஸ்ஸி பேனாவை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட உள்ளே போனார்.

நாளை காலை ஐந்தரைக்குப் புறக்கோட்டையில் 138 ஏறுகிறோம். மாமியும் மருமகளும் நுகேகொடையில் ஏறுவார்கள். சின்னம்மா இப்போதே கைப்பையை அடுக்கிவிட்டார்: தண்ணீர்ப் போத்தல், கிளினிக் கொப்பி, துவாய், செம்பு. ஷொக் அடிக்கும் என்று மாமி நகையைக் கழற்றத் தேவையில்லை என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லச் சொல்கிறார்.